ஸ்டாண்டில் நின்றுவிடும் சத்தம்

சைக்கிள் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது நடந்திருக்கும். ஏறி மிதிக்கும்போது பின்சக்கரத்திலிருந்து ‘கடக், கடக்’ என்று ஒரு சத்தம். நாலு நாள் பொறுத்துப் பார்க்கிறோம், நிற்கவில்லை. கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். கடைக்காரர் ஸ்டாண்டு போட்டு, பெடலைக் கையால் பிடித்து வேகமாகச் சுற்றி விடுகிறார். சக்கரம் பூனை மாதிரி சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. “எங்க சார் சத்தம்?” என்கிறார். நமக்குப் பதில் இல்லை. திரும்பி வரும்போது, கடை கண்ணுக்கு மறைவதற்குள் மறுபடியும் ‘கடக்’.

எனக்கு இது நடந்தது ஓர் ஐப்பசி மாதக் கடைசியில். அடி அண்ணாமலையிலிருந்து கிரிவலப் பாதை வழியாகத் தினமும் திருவண்ணாமலை நகருக்குள் சைக்கிளில் போய்வருவேன். அந்த வருடம் பத்து நாள் விட்டு விட்டு மழை. மலைச் சரிவிலிருந்து இறங்கிய தண்ணீர் பாதையின் ஓரமெல்லாம் மணலும் செம்மண்ணுமாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மழை விட்ட மறுவாரம் சத்தம் தொடங்கியது. பௌர்ணமி இல்லாத நாளில் காலை ஆறு மணிக்கு அந்தப் பாதை அமைதியாக இருக்கும். அதனால் ஒவ்வொரு ‘கடக்’கும் தனித்தனியாகக் கேட்டது. இரண்டு மூன்று நாள் கேட்ட பிறகுதான் அதில் ஒரு தாளம் இருப்பது பிடிபட்டது. வேகமாக மிதித்தால் தாளமும் வேகமாகும், மெதுவாகப் போனால் அதுவும் தளரும். தாளம் என்று ஒன்று இருந்துவிட்டால் அதை எண்ணலாம். எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால், சக்கரத்தைப் பிரிக்காமலே உள்ளே கெட்டுப்போன உறுப்பு எது என்று சொல்லிவிடலாம்.

குடத்துக்குள் பதினெட்டு குண்டுகள்

சக்கரத்தின் நடுவில் போக்ஸ் கம்பிகள் எல்லாம் வந்து சேருகிற உருளைக்கு சைக்கிள் கடையில் ஹப் என்று பெயர். மாட்டுவண்டிச் சக்கரத்தில் இதையே குடம் என்பார்கள், ஆரக்கால்கள் வந்து செருகும் இடம். வண்டியில் குடம் நேராக அச்சின் மேல் உரசிக்கொண்டு சுற்றும். அந்த உரசலைக் குறைக்கத்தான் வைக்கோல் கரியையும் எண்ணெயையும் குழைத்த வண்டி மசையைத் தடவினார்கள். சைக்கிள் ஹப்பில் அச்சும் குடமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. கடைகளில் பால்ரஸ் என்று சொல்வது இவற்றைத்தான்.

நம் ஊர்ச் சாதாரண சைக்கிளின் பின்பக்க ஹப்பில், பக்கத்துக்கு 9 வீதம் 18 குண்டுகள். ஒவ்வொன்றும் கால் அங்குலம், அதாவது ஆறே கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஹப்பின் இரண்டு வாயிலும் கிண்ணம் போன்ற பள்ளம் உண்டு. இது கப். அச்சில் மரை போட்டு ஏற்றியிருக்கும் வளைவான துண்டு கோன், அதாவது கூம்பு. கப்புக்கும் கோனுக்கும் இடையில் குண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அச்சும் கோனும் நட்டு போட்டு இறுக்கப்பட்டவை, அவை சுற்றுவதே இல்லை. கப் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. கோன் நிற்கிறது, கப் ஓடுகிறது, குண்டுகள் நடுவில் உருளுகின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

ஸ்டாண்டில் ஏன் கேட்பதில்லை

நான் 65 கிலோ. சைக்கிளும் பையும் சேர்த்து 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90. சீட்டில் உட்காரும்போது ஏறத்தாழ அறுபது சதவீதம் பின்சக்கரத்தின் மேல் இறங்கும், அதாவது 54 கிலோ. இடது பக்கத்துக் குண்டுகளுக்குப் பாதி, வலது பக்கத்துக்குப் பாதி. ஒரு பக்கத்துக்கு 27 கிலோ.

ஒன்பது குண்டுகள் 27 கிலோவைத் தாங்கினால் ஆளுக்கு 3 கிலோ என்று தோன்றும். அப்படிப் பங்கு போவதில்லை. அச்சு கீழ்நோக்கி அழுத்துகிறது, அதனால் அச்சுக்கு அடியில் இருக்கும் குண்டுகள் மட்டுமே நசுங்குகின்றன. மேலே இருப்பவை சும்மா ஊர்வலம் போகின்றன. அடியில் இருக்கும் இரண்டு மூன்று குண்டுகள்தான் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நட்டநடு அடியில் இருக்கும் குண்டின் மேல் ஏறத்தாழ 15 கிலோ விழும். இந்த அடிப்பகுதியைச் சுமைப்பகுதி என்று சொல்லலாம்.

உருண்டையான குண்டு வளைவான கோனைத் தொடும் இடம் எவ்வளவு இருக்கும்? கணக்குப் போட்டால் குறுக்களவு கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் ஒரு புள்ளி. கடுகின் மேல் வைத்தால் தேடிப் பிடிக்க வேண்டிய அளவு. அந்தப் புள்ளியில் 15 கிலோ. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 கிலோவுக்கும் மேல் என்ற கணக்கில் அழுத்தம். அதைத் தாங்கத்தான் குண்டையும் கோனின் மேற்பரப்பையும் அவ்வளவு கெட்டியாகப் பதப்படுத்துகிறார்கள்.

இப்போது ஸ்டாண்டுக்கு வருவோம். நம் சைக்கிளின் ஸ்டாண்டு பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அந்தக் கணமே ஹப்பின் மேல் இருந்த 54 கிலோவும் போய்விடுகிறது. சக்கரத்தின் சொந்த எடை மட்டும் அச்சில் தொங்குகிறது. கோனில் குழி இருந்தாலும், அதன் மேல் போகும் குண்டை உள்ளே தள்ள ஆள் இல்லை. குண்டு லேசாகத் தாண்டிப் போய்விடும். ஆள் ஏறி உட்கார்ந்தால் அதே குண்டு அதே குழியில் 15 கிலோவோடு இறங்கி, அடுத்த விளிம்பில் முட்டி ஏறும். அந்த முட்டுதான் ‘கடக்’. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நாமும் பொய் சொல்லவில்லை. ஸ்டாண்டில் இருந்தது பாரம் இல்லாத சைக்கிள், பாதையில் இருந்தது பாரமுள்ள சைக்கிள்.

முட்டும் இடம் ஹப்பாக இருந்தாலும், காது அதைப் பெடல் என்றோ செயின் என்றோ சொல்லும். எஃகில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல் பதினைந்து மடங்கு. ஓரிடத்தில் தட்டினால் பிரேம் முழுவதும் சேர்ந்து பேசும். அதனால் இடத்தைத் தேடுவதை விட்டுவிட்டு எண்ணிக்கையைத் தேடினேன்.

குழாய் மேல் ஆட்டுக்கல்

பழைய வீட்டை இடிக்கும்போது பெரிய ஆட்டுக்கல்லை எப்படி நகர்த்துவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அடியில் நாலைந்து இரும்புக் குழாய்த் துண்டுகளைப் போட்டு, கல்லைத் தள்ளுவார்கள். கல் நகர நகர, பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே ஒருவர் நடப்பார். ஏன் அப்படிப் போட வேண்டியிருக்கிறது? கல் இரண்டடி நகர்ந்தால் குழாய் ஓரடிதான் நகர்கிறது. எப்போதும் பாதி. குழாயின் அடிப்பக்கம் தரையில் பதிந்து நிற்கிறது, மேல்பக்கம் கல்லோடு ஓடுகிறது, நடுப்பகுதிக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம்தான் கிடைக்கும்.

ஹப்பில் கோன் தரை, கப் கல், குண்டுகள் குழாய்கள். அப்படியானால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது குண்டு வரிசை அரைச் சுற்று சுற்ற வேண்டும். வட்டத்துக்குள் ஒரு சின்ன மாற்றம் உண்டு. கப்பின் ஓடுபாதை கோனின் ஓடுபாதையைவிடப் பெரிய வட்டம், அதனால் குண்டுகளுக்குப் பாதியைவிடச் சற்று அதிகம் கிடைக்கிறது. இந்த அளவு ஹப்பில் அது ஏறத்தாழ 0.6 சுற்று. சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் குண்டு வரிசை அச்சைச் சுற்றி ஆறு சுற்று வரும்.

இனி எண்ணிக்கைகள் தாமாக வந்து விழும். கோனின் அடியில் ஒரு குழி இருந்தால், குண்டு வரிசையின் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்பது குண்டுகளும் அதைத் தாண்டும். பத்துச் சக்கரச் சுற்றுக்கு ஆறு தரம் ஒன்பது, 54 முட்டு. குழி கோனில் இல்லாமல், ஒரு குண்டே உடைந்து முனை பெயர்ந்திருந்தால்? அந்த ஒரு குண்டு சுமைப்பகுதிக்கு வரும்போதுதான் சத்தம், பத்துச் சுற்றுக்கு ஆறு. அதிலும் குண்டு தன்னைத் தானே புரட்டிக்கொண்டு ஓடுவதால், சில தடவை நல்ல முகத்தைக் காட்டிச் சத்தமில்லாமல் தப்பிவிடும்.

கப்பில் குழி இருந்தால் கதை வேறு. கப் சுற்றுகிறது, குழியும் அதோடு சுற்றுகிறது. குழி மேலே இருக்கும்போது பாரம் இல்லை, சத்தமும் இல்லை. கீழே வரும்போது அந்த இடத்தில் ஒரு குண்டு இருந்தால் ‘கடக்’, இரண்டு குண்டுக்கு நடுவில் விழுந்தால் ஒன்றுமில்லை அல்லது லேசான முனகல். ஆகவே சுற்றுக்கு ஒன்று என்பதுபோலத் தோன்றும், ஆனால் ஒரு சுற்றில் பலமாக, அடுத்ததில் மெதுவாக, இன்னொன்றில் காணாமல் என்று வரும். மட்கார்டில் டயர் உரசுவதும், தளர்ந்த போக்ஸ் கம்பி தட்டுவதும் அப்படியல்ல. அவை சுற்றுக்கு ஒன்று என்றால் கறாராக ஒன்று, பத்துச் சுற்றுக்குப் பத்து.

பெடல் பக்கத்துக் கோளாறுக்கும் ஒரு எண் உண்டு. என் சைக்கிளில் முன்பல் சக்கரத்துக்கு 44 பல், பின்னால் ஃப்ரீவீலுக்கு 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. திருப்பிச் சொன்னால், சக்கரத்தின் பத்துச் சுற்றுக்குப் பெடல் நான்கு சுற்று. பெடல் மாட்டியிருக்கும் கிராங்கையும் அதன் அச்சையும் பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்தால், மிதியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ‘டிக்’ என்று பத்துச் சுற்றுக்கு நான்கு கேட்கும். மிதிப்பதை நிறுத்தி சைக்கிளை ஓடவிட்டால் அது உடனே நின்றுவிடும். ஹப் சத்தம் நிற்காது.

மெதுவாக ஓட்டத் தெரிந்த பையன்

எண்ண வேண்டுமானால் சைக்கிளின் மேல் பாரம் இருக்க வேண்டும், வேகமும் நடையளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தள்ளிக்கொண்டு போய் எண்ணலாம் என்று முதலில் முயன்றேன். மிதிக்காமல் தள்ளினால் ஃப்ரீவீல் ‘கிர்ர்’ என்று ஓடி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மிதித்துக்கொண்டே, கால் ஊன்றாமல், ஆமை வேகத்தில் ஓட்ட ஓர் ஆள் தேவை.

எதிர்வீட்டுப் பையனுக்கு அது கைவந்த கலை. பொங்கலுக்கு ஊரில் நடக்கும் விளையாட்டுப் போட்டிகளில், கடைசியாக வருபவர் ஜெயிக்கும் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில் இரண்டு வருடம் பரிசு வாங்கியவன். அவன் எடை எனக்குப் பாதிதான் இருக்கும் என்பதால் கேரியரில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டினோம். டயரின் வெளிவட்டத்தை நூல் வைத்து அளந்தேன், 2 மீட்டர் 23 சென்டிமீட்டர். பாதையில் சமதளமாக ஓரிடம் பார்த்து, 22 மீட்டர் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு. சரியாகப் பத்துச் சுற்று. பையன் ஓட்டினான், நான் செல்போனில் பதிவைப் போட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே கூட நடந்தேன்.

“மாமா, பெல் அடிக்கவா?” என்று நடுவில் கேட்டான். வேண்டாம் என்றேன்.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு முட்டுக்கும் தாளில் ஒரு கோடு போட்டோம். முதல் ஓட்டத்தில் 53. இரண்டாவதில் 55. மூன்றாவதில் 54. பையன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தாளை எண்ணினான். கோன்.

இந்த எண்ணை இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தால் கோனின் மேல் இரக்கம் வந்துவிடும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை ஒரு தரம் சைக்கிளில் சுற்றினால் சக்கரம் ஏறத்தாழ 6,300 முறை சுற்றும். கோனின் அடியில் இருக்கும் அந்தக் கால் மில்லிமீட்டர் புள்ளியின் மேல் ஏறத்தாழ 34,000 குண்டுகள், 15 கிலோ பாரத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். கப் சுற்றுவதால் அடியைத் தன் உடம்பு முழுவதும் பங்கிட்டு வாங்கிக்கொள்கிறது. கோன் நிற்பதால் எல்லா அடியும் ஒரே இடத்தில். ஹப்பில் முதலில் கெடுவது பெரும்பாலும் கோன்தான் என்பதற்குக் காரணம் இதுவே.

தேரும் சைக்கிளும்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாடவீதியில் மகா தேரோட்டம். மரபான தேர்ச் சக்கரத்தில் குண்டு எதுவும் இல்லை. அச்சின் மேல் குடம் உரசித்தான் சுற்றும். ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடிக்க வேண்டியிருப்பதற்கு எடை ஒரு காரணம் என்றால், அந்த உரசல் இன்னொரு காரணம். ஆனால் தேருக்கு உரசல் பகை மட்டுமல்ல. குண்டு வைத்த சக்கரத்தில் தேர் சரிவில் தானாக ஓடத் தொடங்கினால் முட்டுக்கட்டை போடுபவர்களின் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

சைக்கிளுக்கு ஒரே ஓர் ஆளின் கால் பலம்தான். அதனால்தான் குண்டுகளுக்கு வழி திறந்தது சைக்கிள். வண்டி அச்சில் குண்டு வைக்கும் யோசனைக்கு வேல்ஸைச் சேர்ந்த பிலிப் வான் 1794-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் அது பரவவில்லை. 1869-ல் பாரிஸ் சைக்கிள் மெக்கானிக் ஜூல் சுரிரே சைக்கிளுக்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே வருடம் நவம்பர் 7-ஆம் தேதி பாரிஸிலிருந்து ரூவான் வரை, 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் அப்படிப்பட்ட சைக்கிளில் ஜெயித்தார். எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவில் உருட்டி எடுப்பதுதான் மிச்சமிருந்த கஷ்டம். 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் ஊரில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் குண்டுகளைச் சாணைபிடிக்கும் இயந்திரத்தைச் செய்த பிறகு அந்தத் தடையும் போயிற்று. இன்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளின் ஹப்பைப் பிரித்தாலும் கப், கோன், குண்டு என்ற அதே ஏற்பாடுதான் இருக்கும்.

பிரித்தபோது

கடைக்காரரிடம் 54 என்ற கணக்கைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். “எண்ணியெல்லாம் பாத்ததில்ல சார். ஆள் உக்காந்தா கடகடன்னு விடாம வந்தா கோனு, அப்பப்ப வந்தா குண்டு. காதுக்கே தெரிஞ்சிடும்” என்றார். நாற்பது வருடம் கேட்ட காது எண்ணாமலே எண்ணியிருக்கிறது. அவருடைய ‘விடாம’தான் என் 54, அவருடைய ‘அப்பப்ப’தான் என் 6.

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். அச்சின் இரண்டு முனையிலும் மேலே வானத்தைப் பார்க்கும் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு செயினை இறக்கி, நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை வெளியே எடுத்தார். இடது பக்க லாக் நட்டைக் கழற்றி, மெல்லிய ஸ்பேனரால் கோனைத் திருகி எடுத்தபோது, விரித்திருந்த செய்தித்தாளில் குண்டுகள் உதிர்ந்தன.

கிரீஸைப் பார்த்தாலே பாதி நோய் தெரியும். நல்ல கிரீஸ் உழைத்துக் கறுத்திருக்கும், அதில் தப்பில்லை. செங்கல் நிறமாக இருந்தால் துரு. மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. விரலில் எடுத்து வெயிலில் காட்டும்போது மினுமினுத்தால், எஃகுச் செதில் உதிர்ந்திருக்கிறது. என்னுடையதில் வெளுப்பும் இருந்தது, மினுமினுப்பும் இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தபோது ‘நறநற’ என்று மணல்.

மணல்தான் முதல் குற்றவாளி. இங்கே மலையும் பாதையோரப் பாறையும் பொடிந்து உருவாகும் மணலில் படிகக்கல் துகள்கள் நிறைய. பதப்படுத்திய எஃகைவிடப் படிகக்கல் கெட்டி. ஒரு துகள் குண்டுக்கு அடியில் போனால், முன்பு சொன்ன அந்தக் கால் மில்லிமீட்டர் புள்ளியின் பாரம் முழுவதும் துகளின் கூர்முனையில் இறங்கும். கோனில் ஒரு தழும்பு. தழும்பின் ஓரத்தில் அடுத்தடுத்த ஆயிரக்கணக்கான குண்டுகள் தட்டித் தட்டி, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மயிரிழை விரிசல் ஓடி, ஒரு நாள் சின்னச் செதில் பெயர்ந்து வரும். அதுதான் குழி. பெயர்ந்த செதில் உள்ளேயே கிடந்து அடுத்த குழியைத் தோண்டும். மழைக்காலத்தில் ஹப் முங்கும் அளவுக்குத் தண்ணீரில் ஓட்டினால் மணல் உள்ளே போக வழியும் கிடைக்கிறது, அதைப் பிடித்து நிறுத்தும் கிரீஸும் கரைகிறது.

கோன்களை டீசலில் கழுவித் துடைத்தார். இடது கோன் பளபளவென்று இருந்தது. குண்டு ஓடிய தடம் ஒரு மெல்லிய வளையமாகத் தெரிந்தது, அது இயல்பு. வலது கோனில் அம்மைத் தழும்பு மாதிரி மூன்று குழிகள் ஒன்றையொட்டி ஒன்று. கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் பால்பாயின்ட் பேனாவின் முனையைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த முனையும் ஒரு குண்டுதான், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குண்டு. சின்னக் குழியிலும் அது தடுக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது வெள்ளைப் புள்ளி. புள்ளியை மேலே வைத்து, செயின் பக்கத்திலிருந்து கோனைப் பார்த்தேன். குழிகள் கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்தில் இருந்தன. கீழே, ஆனால் நட்டநடுக் கீழே இல்லை, சற்றுப் பின்பக்கமாக. கீழே இருப்பது என் எடையால். பின்பக்கம் சாய்ந்திருப்பது செயினால். மிதிக்கும்போது செயின் ஹப்பை முன்னால் இழுக்கிறது, அச்சு இழுபடாமல் நிற்கிறது, ஆகவே ஹப்பின் பின்சுவர் வந்து கோனின் பின்பக்கத்தில் அழுத்துகிறது. இரண்டு விசையும் சேர்ந்து விழுந்த இடம் அந்த 7 மணி. செயின் இழுப்பு வலது பக்கத்தில்தான் அதிகம், கெட்டதும் வலது கோன்தான். என் எடையும் நான் மிதித்த மிதியும் ஓர் எஃகுத் துண்டில் கையெழுத்துப் போட்டிருந்தன. வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“காசு இல்லாதவங்க வந்தா இப்டியே திருப்பிப் போட்டுக் குடுத்துருவேன் சார்” என்றார் கடைக்காரர். அச்சை அரைச் சுற்று திருப்பி மாட்டிவிட்டால், குழி விழுந்த பக்கம் பாரமில்லாத மேல்பக்கம் போய்விடும், தேயாத பக்கம் கீழே வரும். சத்தம் நின்றுவிடும், ஆறு மாதம் ஒரு வருடம் ஓடும். சுமைப்பகுதி என்ற சொல் எதுவும் இல்லாமலே ஒரு தொழில் அதைக் கண்டுபிடித்து ஏழைகளுக்கு உதவிக்கொண்டிருந்தது.

ஒன்பதும் ஒரே அளவில்

நான் புதுக் கோன் வாங்கினேன், புதுக் குண்டுகளும். குண்டுகளில் பதினைந்து பார்வைக்கு நன்றாகவே இருந்தன. மூன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று தோன்றும். மாற்றக் கூடாது. 15 கிலோ பாரத்தில் குண்டும் கோனும் சேர்ந்து நசுங்குவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்குதான், ஒரு தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. பழைய குண்டு தேய்ந்து அந்த அளவு சிறுத்திருந்தாலே போதும், பாரம் முழுவதையும் பக்கத்திலிருக்கும் புதுக்குண்டு தனியாகச் சுமக்கும், சீக்கிரம் உடையும். பதினெட்டையும் ஒரே பொட்டலத்திலிருந்து போட வேண்டும்.

பள்ளத்தில் ஒன்பது வைத்த பிறகும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். பத்தாவதைத் திணிக்கத் தோன்றும். அந்த இடைவெளி தேவை. அடுத்தடுத்த இரண்டு குண்டுகள் ஒரே திசையில் சுழல்வதால், அவை தொடும் இடத்தில் ஒன்றின் முகம் மேலே போகும், மற்றதன் முகம் கீழே வரும். நெருக்கமாக அடைத்தால் ஒன்றையொன்று அறுத்துக்கொள்ளும்.

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சோப்பு. பஞ்சு தண்ணீரைப் பிடிப்பதுபோல அது எண்ணெயைப் பிடித்திருக்கும், அழுத்தம் வரும் இடத்தில் கொஞ்சம் விடும். வெறும் எண்ணெயை ஹப்பின் ஓரத்தில் ஊற்றும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. எண்ணெய் உள்ளே போகும்போது ஓரத்து மணலையும் கழுவிக்கொண்டு போகும், பிறகு வழிந்துவிடும், மணல் மட்டும் தங்கும். ஹப்புக்குக் கிரீஸ்தான். இரண்டு கப்பிலும் தாராளமாக அப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார் கடைக்காரர். கிரீஸில் ஒட்டிக்கொண்டதால் ஒன்றும் விழவில்லை.

வால்வின் ஊஞ்சல்

கோனை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கைப்பழக்கம். தளர்வாக விட்டால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். ஹப்புக்குள் ஒரு தாள் கனம் இடைவெளி இருந்தால்கூட, விளிம்பைப் பிடித்து ஆட்டும்போது கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாகப் பெரிதாகிவிடும். ஆட்டம் இருந்தால் பாரம் ஒரே குண்டில் விழும். அளவுக்கு மேல் இறுக்கினால் பாரமே இல்லாதபோதும் ஒன்பது குண்டும் நசுங்கிக் கிடக்கும். லாக் நட்டை இறுக்கும்போது கோன் இன்னும் ஒரு நூலளவு உள்ளே தள்ளப்படும், அதனால் முதலில் சற்றுத் தளர்வாக விட்டுத்தான் பூட்ட வேண்டும்.

சரியா என்று பார்க்க அவர் செய்தது இது. சக்கரத்தை அச்சின் இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கி, டியூப் வால்வு பக்கவாட்டில் வருமாறு நிறுத்தினார். விளிம்பில் வால்வு இருக்கும் இடம் மற்ற இடத்தைவிடச் சில கிராம் கனம். ஹப் தாராளமாகச் சுற்றினால் அந்தச் சில கிராம் போதும், வால்வு தானாகக் கீழே இறங்கும். ஹப்பைப் பிரிப்பதற்கு முன் இதே சோதனையைச் செய்திருந்தோம். விட்ட இடத்திலேயே நின்றிருந்தது.

இப்போது கையை எடுத்தார். சக்கரம் ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு வால்வு மெல்லக் கீழே இறங்கி, அடியைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏறி, நின்று, திரும்பி வந்தது. மூன்று முறை ஆடி அடங்கியது. “இன்னும் கொஞ்சம் இறுக்கமா இருக்குது சார்” என்று லாக் நட்டைத் தளர்த்தி, கோனை நகத்தளவு பின்னுக்குத் திருப்பிப் பூட்டினார். இப்போது ஒன்பது முறை. விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. இன்னொரு நகத்தளவு தளர்த்தினார். பதினொரு முறை ஆடியது, ஆனால் விளிம்பும் லேசாக ஆடியது. பழையபடி ஒன்பதுக்கே கொண்டுவந்து பூட்டினார்.

மாலையில் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஈசானிய லிங்கம் தாண்டி, குபேர லிங்கம் தாண்டி, பாதையில் ஆள் குறைந்தது. டயர் மண்ணை அழுத்தும் ஓசை கேட்டது, சீட்டு ஸ்பிரிங் முனகுவது கேட்டது. அதற்கும் அடியில், இத்தனை நாள் ‘கடக்’கில் அமுங்கிக் கிடந்த ஒரு சின்ன ‘டிக்’. மிதிப்பதை நிறுத்தினேன், நின்றது. மறுபடி மிதித்தபோது வந்தது. வால்வைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். பத்துச் சுற்றுக்கு நான்கு.